கையறுநிலைப் பாடல்களை எந்தப் பதிப்பில் படிப்பது?

துக்க வீட்டுக்குப் புத்தகம் கொண்டுபோகும் வழக்கம் நம்மிடம் இல்லை. ஆனால் காரியம் முடிந்து, உறவுகள் ஊர் திரும்பி, வீடு காலியான பிறகு "படிக்க ஏதாவது இருந்தால் சொல்லுங்களேன்" என்று கேட்பவர்கள் உண்டு. குறிப்பாக மலை, மரம், குளம், பூ என்று வெளியே பார்க்கவைக்கும் கவிதை வேண்டுமென்பார்கள். தமிழில் அதற்கு ஈராயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது, இறந்தவரை நினைத்துச் செயலற்றுப் புலம்பும் பாட்டுக்குக் கையறுநிலை என்று துறைப்பெயரே இருக்கிறது. புறநானூற்றில் இந்தத் துறையிலும் இதையொட்டிய துறைகளிலும் வரும் பாடல்களுக்காக மட்டும் ஒருவர் புத்தகம் வாங்கினால் எதை வாங்கலாம், இணையத்தில் இலவசமாகக் கிடைப்பது போதுமா, எந்த வரிசையில் படிக்கலாம் என்பதே இந்த மதிப்புரை. நானூறு பாட்டையும் எடைபோடும் நோக்கம் இல்லை.

முதலில் ஓர் எச்சரிக்கை. இயற்கை வந்து தலையைத் தடவிக்கொடுக்கும் என்று எதிர்பார்த்து இந்தப் பாடல்களைத் திறந்தால் ஏமாற்றம்தான். இங்கே நிலா யாருக்காகவும் மங்குவதில்லை. முல்லை தன் பாட்டுக்குப் பூக்கிறது. மலை அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. பாடுகிறவர் அதைப் பார்த்துப் பேசுகிறார், அவ்வளவுதான். மனிதரிடம் பேசினால் பதில் வரும். 'எல்லாம் விதி', 'காலம் ஆற்றும்' என்ற வகையில். மலையிடம் பேசினால் அந்தத் தொல்லை இல்லை. இந்தப் பாடல்கள் தரும் ஆறுதல் இந்த வகையைச் சேர்ந்தது. இதைப் புரிந்துகொள்ளாமல் உரை எழுதியவர்களும் இருக்கிறார்கள், படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்தப் பதிப்பை எடுத்தாலும் 1ஆம் பாட்டிலிருந்து தொடங்காதீர்கள். இந்தத் தேவைக்கு அது வீண் உழைப்பு. முன்பகுதியில் பெரும்பாலும் மூவேந்தரின் வெற்றியும் கொடையும்தான். 109இல் தொடங்குங்கள். அது துயரப் பாட்டு அல்ல. பாரியின் பறம்பை முற்றுகையிட்டு நிற்கும் வேந்தர்களைப் பார்த்துக் கபிலர், உழவர் உழாமலே விளைவன நான்கு இந்த மலையில் உண்டு என்று சொல்கிறார்: மூங்கில் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். முற்றுகை எத்தனை நாள் நீண்டாலும் உள்ளே இருப்பவர்கள் பட்டினி கிடக்கமாட்டார்கள் என்பது கணக்கு. இழந்தது என்ன என்று தெரியாமல் இழப்புப் பாட்டைப் படிப்பதால் பயனில்லை, அதற்காகத்தான் 109. அடுத்து 112, 113, 114, 118. இந்த ஐந்தையும் ஒரே அமர்வில் படித்தால் ஒரு மலை செழித்து, பறிபோய், பின்னால் தங்கி, கடைசியில் கரை உடைவது வரை கண்முன் வரும். மொத்தம் அரை மணி நேரம் ஆகாது.

112 பலருக்கும் பள்ளியிலேயே பழக்கம். பாரி மகளிர் பாடியது, ஐந்தே அடி. போன மாத நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் எங்களுடையது. இந்த மாத நிலவில் குன்றையும் கொண்டார்கள், தந்தையும் இல்லை. சொல்லப்படுவது இவ்வளவே. கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் தந்தை, பிறகு குன்று; திரும்பச் சொல்லும்போது முதலில் குன்று, கடைசியில் தந்தை. பெரிய இழப்பை வாய் தள்ளிப்போடுகிறது. அற்றை, இற்றை என்று முதலெழுத்து ஒன்று மாறுவதைத் தவிர நிலவில் ஒரு மாற்றமும் இல்லை. இன்னொன்று: பாரி என்ற பெயர் பாட்டுக்குள் எங்குமே கிடையாது. அதைச் சொல்வது பாட்டின் கீழே உள்ள பழங்குறிப்பு. ஆகவே முதல் தடவை குறிப்பைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். எந்தை என்பது அப்போது படிப்பவரின் எந்தையாகவே இருக்கும்.

ஓசை பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பதிப்பைத் தேர்ந்தெடுப்பதே இதை வைத்துத்தான். இந்தப் பாடல்களில் பெரும்பாலானவை நேரிசை ஆசிரியப்பா. அடிக்கு நாலு சீர், கடைசிக்கு முந்தைய அடியில் மட்டும் மூன்று. 112இல் 'வென்றெறி முரசின் வேந்தர்எம்' என்ற அடி மூன்று சீரில் நின்றுவிடுகிறது. எம் என்று சொல்லி, மூச்சு முட்டி, அடுத்த அடியில்தான் குன்று வருகிறது. 118இல் 'கூர்வேல் குவைஇய மொய்ம்பின்', 248இல் 'இன்னா வைகல் உண்ணும்', 245இல் 'ஞாங்கர் மாய்ந்தனள் மடந்தை' என எல்லாவற்றிலும் அந்த இடத்தில் ஒரு சீர் குறைகிறது. அழுகிறவர் பேச்சு இறுதியில் தடுக்குவதுபோல இருக்கும். யாப்பு விதிதான், வாழ்த்துப் பாட்டிலும் இதே விதி உண்டு. ஆனாலும் இங்கே அது வேறு வேலை செய்கிறது. மலையைக் கூப்பிட்டுப் பேசும் 113, முல்லையைக் கூப்பிட்டுக் கேட்கும் 242 இரண்டிலும் இந்தக் குறை இல்லை, எல்லா அடியும் நாலு சீர். தற்செயலாக இருக்கலாம். சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இப்போது கைபேசிக்கு வருவோம். இணையத்தில் மூலம் இலவசம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்பதிப்பு ஒன்று, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் நூலகம் இன்னொன்று. தேடுவதற்கு இரண்டும் அருமை. ஆம்பல் என்று தட்டினால் ஆம்பல் வரும் இடமெல்லாம் வரும். ஆனால் நெட்டுக்குத்தாகப் பிடித்த கைபேசித் திரையில் நாலு சீர் அடி மடங்கி இரண்டு வரியாகிறது. மூன்று சீர் அடி மடங்காமல் ஒரே வரியில் நிற்கிறது. எது குட்டை அடி, எது நெட்டை அடி என்ற வித்தியாசமே போய்விடும். கைபேசியைப் படுக்கைவாட்டில் திருப்புங்கள், எழுத்தளவை ஒரு படி குறையுங்கள். அடி ஒழுங்காக நிற்கும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டாயம் உடையும், அதற்குப் படமாக எடுத்து அனுப்புவதே மேல். மின்பதிப்புகளில் ஒற்று விடுபடுவது, சீர் பிரிப்பு மாறிக்கிடப்பது ஆங்காங்கே உண்டு. ஐயம் வந்தால் அச்சுப் பதிப்போடு ஒப்பிடாமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

அச்சில் முதலில் நிற்பது உ.வே.சாமிநாதையர் 1894இல் கொண்டுவந்த பழைய உரைப் பதிப்பு. சென்னை பெசன்ட் நகரில் அவர் பெயரில் உள்ள நூல்நிலையத்தின் மறுபதிப்பாக இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பழைய உரை முதல் 266 பாட்டுக்குத்தான் உண்டு, மீதிக்கு இல்லை. முழு நூலுக்கு அது குறை. நமக்கு அது குறையே அல்ல, ஏனென்றால் வேண்டிய பாடல்கள் 109 முதல் 120 வரையிலும், 217 முதல் 256 வரையிலும்தான் பெரிதும் அடங்குகின்றன. பழைய உரைகாரர் பெயர் தெரியாது. ஆள் சிக்கனமானவர். பாட்டை ஒரே நீண்ட வாக்கியமாக விரித்துவிட்டு, எது பொருளில்லாத அசைநிலை, எது எதோடு முடிகிறது என்று இரண்டு வரி சொல்லி நிறுத்திவிடுவார். உபதேசம் கிடையாது. துக்கத்தில் இருப்பவருக்கு இந்த வறட்சி பிடிக்கும் என்பது எங்கள் எண்ணம். சிரமம் வேறு இடத்தில்: சந்தி பிரிக்காத மூலம். பழக்கமில்லாதவர் முதல் அடியிலேயே தடுக்கி விழுவார்.

ஔவை சு. துரைசாமிப் பிள்ளை உரை இதற்கு நேர் எதிர். சைவ சித்தாந்த நூற்பதிப்புக் கழக வெளியீடாக இரண்டு பாகம்: 200 வரை ஒன்று, மீதி இன்னொன்று. பாரி பாடல்கள் முதல் பாகத்தில், முல்லைப் பாட்டும் (242) ஆம்பல் பாட்டும் (248) இரண்டாவதில். ஒன்றை மட்டும் வாங்கிவிட்டுப் பாதி வழியில் நிற்காதீர்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் புலவர் யார், ஊர் எது, கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று முன்னுரை வரும். ஆராய்ச்சிக்கு இதற்கு நிகரில்லை. ஆனால் ஆறடிப் பாட்டைத் தேடி வந்தவர் இரண்டு பக்கம் தாண்டி வரவேண்டும். கதையை முழுதும் கேட்டுவிட்டுப் பாட்டுக்கு வந்தால் பாட்டு அந்தக் கதையின் விளக்கப்படம் போல ஆகிவிடுகிறது. வாங்குங்கள், ஆனால் பாட்டு, விளக்கம், முன்னுரை என்று பின்னாலிருந்து முன்னால் படியுங்கள்.

புலியூர்க் கேசிகன் தெளிவுரை எளிமையானது, எங்கும் கிடைப்பது, வேகமாகப் படிக்கலாம். பாட்டு என்ன சொல்கிறது என்று தெரிந்துகொள்ளப் போதும். எப்படிச் சொல்கிறது என்பதற்குப் போதாது. முதல் வாசிப்புக்கு மட்டும். மர்ரே எஸ். ராஜம் பதிப்பு சந்தி பிரித்த மூலம் மட்டும், உரை இல்லை. பழைய புத்தகக் கடையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். பழைய உரையோடு சேர்த்து வைத்துக்கொண்டால் இதைவிட நல்ல இணை கிடையாது. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஜார்ஜ் ஹார்ட்டும் ஹாங்க் ஹைஃபெட்ஸும் சேர்ந்து செய்து 1999இல் வந்த முழு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொடுக்கலாம், அடிக்குறிப்புகள் நம்பகமானவை.

இவற்றைத் தவிர வேறு உரைகளும் சந்தையில் ஏராளம். கடையில் நின்றபடியே ஐந்து நிமிடத்தில் சோதிக்க வழி இருக்கிறது. நாலே பாட்டைத் திறந்து பார்த்தால் போதும்.

முதலில் 235. அதியமான் இறந்தபின் ஔவையார் பாடியது. சிறிய அளவு கள் கிடைத்தால் எங்களுக்கே தருவான், பெரிய அளவு கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் 'மன்னே' என்று வரும். இந்த 'மன்' உரையில் என்ன ஆகிறது என்று பாருங்கள். மன் என்ற சொல்லுக்கு உரிய பொருள்களில் முதலாவதாகத் தொல்காப்பியம் சொல்வது கழிவு, அதாவது 'அது போய்விட்டது' என்பது. ஆகவே ஒவ்வொரு மன்னேயிலும் 'இனி அது இல்லை' என்று ஒரு கதவு சாத்தப்படுகிறது. அதைச் சொல்லாமல் 'தருவான், உண்பான்' என்று மட்டும் எழுதியிருந்தால் அந்த உரை இரங்கற்பாட்டைப் பாராட்டுப் பத்திரமாக மாற்றிவிட்டது என்று அர்த்தம். அதே பாட்டின் முடிவில் குளிர்ந்த துறையில் பூத்த பகன்றைப் பூ யாரும் சூடாமலே கழிவது வருகிறது. அந்தப் பூவை விட்டுவிட்ட உரையையும் கீழே வைத்துவிடலாம்.

அடுத்து 242. குடவாயிற் கீரத்தனார் பாடியது, ஆறடி. ஒல்லையூர் நாட்டுச் சாத்தன் இறந்தபின் யாரும் சூடாத முல்லையைப் பார்த்து, நீயுமா பூத்தாய் என்று கேட்கிறார். இரண்டாவது அடியில் 'நல்யாழ் மருப்பின் மெல்ல வாங்கி' என்று ஒரு சங்கதி. பாணனின் யாழுக்கு மேலே வளைந்து நீளும் தண்டு உண்டு, அதுதான் மருப்பு. கைக்கு எட்டாத கொடியை அந்த வளைவில் மாட்டி, கொடி அறுந்துவிடாமல் மெல்ல இழுத்து, பூவைப் பறிப்பான். தென்னந்தோப்பில் துரட்டியால் மட்டையை இழுப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் துரட்டிக்குப் பதில் இசைக்கருவி, அதுவும் மெல்ல. ஊரே மகிழ்ச்சியாக இருந்த காலத்தின் ஒரு சாயங்காலம் முழுவதும் அந்த அடியில் இருக்கிறது. 'பாணன் சூடமாட்டான்' என்று மட்டும் எழுதிவிட்டு யாழைத் தாண்டிப்போன உரை, பாட்டின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டது. நல்ல உரை இன்னொன்றையும் நினைவூட்டும்: அகப்பாட்டில் கார்காலத்து முல்லை பூத்தால் போனவன் திரும்பி வருகிறான் என்பது கணக்கு. இங்கே முல்லை வழக்கம்போலத் தன் கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறது. வரவேண்டியவன்தான் இல்லை.

மூன்றாவது 118. இதைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பாரி போனபிறகு பறம்பு நாட்டில் ஒரு சின்னக் குளம். ஒரு பக்கம் பாறையும் குவடும் சேர்ந்து இயற்கையான சுவர். மறு பக்கம் மனிதர் போட்ட மண்கரை, வளைந்து கிடக்கிறது. தெளிந்த நீர். கபிலர் அதை எட்டாம் நாள் திங்கள் என்கிறார். அட்டமி நிலவை நினைத்துப் பாருங்கள்: ஒரு பக்கம் ஏறக்குறைய நேர்கோடு, மறு பக்கம் வில். மலையடிவாரத்தில் உள்ள சிறு குளங்களை மேலிருந்து பார்த்தால் அச்சாக இதே வடிவம்தான். மூன்றாம் பிறை என்றோ முழுநிலவு என்றோ சொல்லியிருந்தால் படம் தப்பாகிவிடும். சும்மா 'பிறைபோன்ற கரை' என்று எழுதும் உரைகள் எண்ணைத் தொலைத்து வடிவத்தையும் தொலைக்கின்றன. அப்படிப்பட்ட குளம் 'கீள்வது மாதோ', கரை கிழிகிறது. காப்பார் இல்லாததால் என்று உரையாசிரியர்கள் சேர்த்துக்கொள்வார்கள். பாட்டில் அந்தச் சொல் இல்லை. இல்லாமலே தெரியும். மண்கரை என்பது ஆண்டுதோறும் ஆள் பார்க்க வேண்டிய பொருள். எலி வளை தோண்டும், நண்டு துளைக்கும், மழைக்கு முன் எலிவளையை அடைத்து மண் போட்டு மேட்டை உயர்த்தவில்லை என்றால் ஒரு கசிவு போதும். கரைக்கு ஆள் அனுப்புகிறவன் போய்விட்டான். ஒரு சாவு ஓர் ஊரை எப்படி எட்டுகிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான படம் தமிழில் குறைவு. கண்ணீர் என்ற சொல்லே இல்லாத கையறுநிலைப் பாட்டு இது. 'மாதோ' அசைநிலை என்று உரையில் இருக்கும், இலக்கணப்படி சரி. வாய்விட்டுப் படிக்கும்போது பெருமூச்சு விழும் இடமும் அதுதான்.

நாலாவது 248, ஒக்கூர் மாசாத்தனார். சிறு வெள்ளாம்பல் முன்பு இளமையில் தழையாடையாக உதவியது. இப்போது கணவன் இறந்தபின், வேளை தவறி உண்ணும் கைம்பெண்ணுக்கு அதன் அல்லி அரிசி உணவாகிறது. செடி ஒன்றே, குளமும் ஒன்றே. இலையிலிருந்து விதைக்கு நகர்ந்திருக்கிறது வாழ்க்கை. அல்லி அரிசி என்றால் என்ன என்று உரை சொல்கிறதா பாருங்கள். ஆம்பல் காய்க்குள் இருக்கும் கடுகளவு விதை. புல்லரிசிபோலத் திரட்டிச் சமைப்பது. அது தெரியாமல் படித்தால் கடைசி இரண்டு அடி வெறும் புதிர்.

இந்த நாலிலும் தேறுகிற உரையை வாங்கலாம். நாலும் தேறியது பழைய உரை, ஔவை துரைசாமிப் பிள்ளை உரை இரண்டும்தான் என்பது எங்கள் தீர்ப்பு.

கொடுக்கக்கூடாத பாட்டு ஒன்றும் இருக்கிறது. 246, பூதபாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தீப்பாயும் முன் பாடியது. தாமரை பூத்த பொய்கையும் தீயும் எனக்கு ஒன்றே என்று முடியும். கவிதையாக அதன் உயரம் தனி. ஆனால் இயற்கை குளிர்ச்சியை இழந்துவிட்ட இடம் அது. புதிதாகத் துணையை இழந்தவர் கையில் அதைக் கொடுக்காதீர்கள், தொகுப்பாகப் படி எடுத்துக் கொடுத்தால் அந்தப் பக்கத்தை எடுத்துவிடுங்கள். அவர்களுக்கு ஏற்றது அதற்கு முந்தைய 245. மனைவியை இழந்த சேரமான் மாக்கோதை பாடியது. என் நோய் எவ்வளவு பெரிதென்றாலும் என் உயிரைக் கொல்லும் வலு அதற்கு இல்லையே, கள்ளி படர்ந்த களரில் அவளைத் தீயில் கிடத்திவிட்டு நான் இன்னும் வாழ்கிறேனே, இது என்ன தன்மை என்று கேட்கிறான். 'நாம் மட்டும் சாப்பிடுகிறோமே, தூங்குகிறோமே' என்ற குற்றவுணர்ச்சி எல்லா வீட்டிலும் வருவது. அதை ஓர் அரசன் வாயால் கேட்பதில் ஒரு லேசு இருக்கிறது.

வயதானவர்களுக்கு 243. கயத்தங்கரை மருதமரக் கிளையிலிருந்து தொபீரென்று குதித்து, அடியிலிருந்து மணல் அள்ளிக்கொண்டு வந்த பையன் இப்போது பூண் போட்ட தடியை ஊன்றி, இருமலுக்கு நடுவே சில சொல் பேசுகிறான். இழந்தது ஆளை அல்ல, தன் இளமையை. அந்த 'இருமிடை மிடைந்த சிலசொல்' என்ற அடியிலும் சீர் மூன்றுதான். இருமலில் ஒரு சீர் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

படிக்கும் முறைக்கு ஒரே ஒரு யோசனை. ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, மூன்று தடவை: குறிப்பில்லாமல் வாய்விட்டு ஒரு தடவை, உரையோடு ஒரு தடவை, உரையை மூடிவிட்டு மறுபடி ஒரு தடவை. மூன்றாவது தடவையை வீட்டுக்குள் படிக்காதீர்கள். 112ஐ மொட்டைமாடியில் நிலா இருக்கும் நாளாகப் பார்த்து, 242ஐ முல்லை அவிழும் சாயங்காலத்தில். 113க்கும் 114க்கும் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலைக்கே போகலாம், சிவகங்கை மாவட்டத்தில் சிங்கம்புணரிப் பக்கம். ஏற வேண்டியதில்லை. 114 பாடப்பட்டது மலைமேல் நின்று அல்ல. பாரி மகளிரைக் கூட்டிக்கொண்டு போகும் வழியில் திரும்பிப் பார்த்து. இங்கே நின்றாலும் தெரிகிறது, இன்னும் கொஞ்சம் போய் நின்றாலும் தெரிகிறது என்கிறார் கபிலர். பேருந்தில் ஊர் திரும்பும்போது பின் சன்னலோர இருக்கையாகப் பார்த்து உட்கார்ந்தால் போதும்.